அப்பாவின் இதயத் தழும்பைப் படமெடுத்துச் செய்த சிகிச்சை பற்றி

2024ஆம் ஆண்டு மே மாதம் என் தந்தைக்கு இதய எம்ஆர்ஐ படமும், அந்தப் படத்தை வழிகாட்டியாக வைத்து அடுத்த மாதம் கதீட்டர் அப்லேஷன் (இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழலை இதயத்துக்குள் செலுத்தி, பிழையான மின்பாதையைச் சுடுதல்) சிகிச்சையும் சிங்கப்பூரின் அரசாங்க மருத்துவமனை ஒன்றில் செய்யப்பட்டன. மாரடைப்பு விட்டுச்சென்ற தழும்பை முதலில் படமெடுத்து, எந்த இடத்தைச் சுட வேண்டும் என்பதை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அதன் பிறகு கதீட்டரை உள்ளே செலுத்தும் இந்தச் சேவையைப் பற்றித் தமிழில் தேடியபோது எனக்கு உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. இப்போது ஓராண்டுக்கு மேல் கடந்து பலனும் ஓரளவு தெரிந்துவிட்டதால், நோயாளியின் மகன் என்ற முறையிலும், ஒவ்வொரு சந்திப்பிலும் மொழிபெயர்ப்பாளராக நின்றவன் என்ற முறையிலும் என் மதிப்பீட்டை எழுதுகிறேன். பாராட்டோடு குறைகளும் இதில் உண்டு என்பதால் எந்த மருத்துவமனையின் பெயரையும் குறிப்பிடவில்லை. நான் மருத்துவர் அல்லன். கணக்காய்வு வேலை பார்ப்பவன். ஆகவே, உங்கள் மருத்துவர் சொல்வதற்கு மேலாக என் சொல்லை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்பாவுக்கு இப்போது 69 வயது. செம்பவாங் கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலையில் சேர்ந்து, பின்னர் தகடுகளைச் சோதிக்கும் பிரிவுக்கு மாறி ஓய்வுபெற்றவர். 2011இல் அவருக்கு முதல் மாரடைப்பு வந்தது. இதயத்தின் வலது தமனி அடைத்துக்கொண்டதால், இடது கீழறையின் அடிப்புறச் சுவர் பாதிக்கப்பட்டது; ஸ்டென்ட் வைத்தார்கள், மாத்திரைகள் கொடுத்தார்கள், அவரும் பதினொரு ஆண்டுகள் தொல்லை இல்லாமல் நடமாடினார். 2022இல் ஒருநாள் மாலை, எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சின் நடுவிலேயே சரிந்தார். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பையன் மின்தூக்கிக் கூடத்தில் மாட்டியிருந்த ஏஇடி என்ற தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவியை எடுத்து வந்து பொருத்த, அது ஒரு மின்னதிர்ச்சி கொடுத்தது. 995 ஆம்புலன்ஸ் வருவதற்குள் அப்பாவுக்கு நாடித்துடிப்பு திரும்பியிருந்தது. சுவரில் தூசி படிந்து கிடக்கும் அந்தப் பெட்டியை அதற்கு முன் நான் நின்று பார்த்ததில்லை.

வந்தது புதிய மாரடைப்பு அன்று என்று மருத்துவமனையில் சொன்னார்கள். வென்ட்ரிக்குலர் டாக்கிகார்டியா எனப்படும் கீழறை மிகைத்துடிப்பு அது. மருத்துவர்கள் தமக்குள் அதைச் சுருக்கமாக ‘விடி’ என்கிறார்கள். தமிழ்க் காதில் பொழுது விடிவதைப்போல் ஒலிக்கும் அந்தச் சொல் எங்கள் வீட்டில் பெரும்பாலும் நள்ளிரவில்தான் வந்தது.

பதினொரு ஆண்டு பழைய தழும்பு எப்படித் திடீரென ஆளை வீழ்த்தும் என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விளக்கத்தை இங்கே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் இந்தச் சேவையின் பயன் முழுவதும் அதில்தான் இருக்கிறது. மாரடைப்பில் இறந்த தசைக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்து தழும்பாகிறது. தழும்பின் நடுப்பகுதி மின்சாரத்தைக் கடத்தாது. அது மட்டும் இருந்தால் ஆபத்து குறைவு. ஆனால் தழும்பின் ஓரத்திலும், சில சமயம் அதன் ஊடாகவும், சாகாமல் தப்பிய தசை இழைகள் மெல்லிய வாய்க்கால்கள்போல் எஞ்சியிருக்கும். அவற்றின் வழியே மின் அலை மிக மெதுவாக ஊர்ந்து செல்கிறது. அது மறுமுனையில் வெளிவரும் நேரத்தில் சுற்றியுள்ள நல்ல தசை அடுத்த துடிப்புக்குத் தயாராகிவிட்டிருந்தால், அலை மீண்டும் அதே வாய்க்காலின் வாயிலுக்கு வந்து நுழைந்து, செக்குமாடுபோல் ஓயாமல் சுற்றத் தொடங்கிவிடும். ஒவ்வொரு சுற்றும் ஒரு துடிப்பு. நிமிடத்துக்கு 180, 200 என்று கீழறை துடிக்கும்போது இரத்தத்தை நிரப்பிக்கொள்ள அதற்கு நேரம் இருப்பதில்லை.

2022இல் அப்பாவின் மார்பில் ஐசிடி கருவியை, அதாவது மிகைத்துடிப்பு வந்தால் உள்ளிருந்தே மின்னதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் கருவியை, பொருத்தினார்கள். அது அவரைக் காப்பாற்றியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கருவி சுழலை வந்தபின் நிறுத்துமே தவிர, வராமல் தடுக்காது. 2023இல் ஒருமுறை அதிர்ச்சி கொடுத்தது. அதற்காக, துடிப்பை ஒழுங்குபடுத்தும் அமியோடரோன் மாத்திரை தொடங்கப்பட்டது. அந்த மாத்திரையில் அயோடின் மிகுதி. ஆண்டு முடிவதற்குள் அப்பாவின் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கத் தொடங்கி, எடை குறைந்து, கை நடுங்கியது. மாத்திரையை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் ஒரே இரவில் நான்கு முறை கருவி அதிர்ந்தது. 24 மணி நேரத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை இப்படி வந்தால் அதை மின்புயல் என்கிறார்கள். நான்காவது அதிர்ச்சியின்போது அப்பா முழு நினைவோடு இருந்தார். அதற்குப் பிறகு பல வாரங்கள் அவர் தனியாகக் குளியலறைக்குப் போக அஞ்சினார். இதயத்தின் விடிக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஒருவரும் இந்த அச்சத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் இரண்டாவது மருத்துவமனையின் இதய மின்னியல் பிரிவுக்கு அனுப்பப்பட்டோம். நான் இங்கே மதிப்பிடுவது இந்த இரண்டாவது இடத்தின் சேவையைத்தான். முதல் சந்திப்பே நாற்பது நிமிடம் நீடித்தது. உதவித்தொகை பெறும் நோயாளி, மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதவர் என்ற நிலையில் நாங்கள் அதை எதிர்பார்க்கவில்லை. அங்கிருந்த மருத்துவர் காகிதத்தில் ஒரு குதிரை லாடத்தை வரைந்து, அதன் ஓரத்தில் கோடுகளைக் கிறுக்கி, ‘இந்தக் கோடுகளைக் கண்டுபிடித்துச் சுட்டுவிட்டால் அலை சுற்ற வழி இருக்காது’ என்றார். படம் எடுக்காமலும் சுட முடியுமா என்று கேட்டேன். முடியும், பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார்.

வழக்கமான முறையில், கதீட்டரின் நுனியால் கீழறையின் உட்சுவரை ஆயிரக்கணக்கான புள்ளிகளில் தொட்டுத்தொட்டு மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். 1.5 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்ல தசை, 0.5க்குக் கீழ் இருந்தால் அடர்ந்த தழும்பு, இடைப்பட்டது ஓரப்பகுதி என்பது அவர்கள் கணக்கு. இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. கதீட்டர் உட்பரப்பைத்தான் தொடுகிறது. சுவரின் நடுவிலோ வெளிப்புறத்திலோ மறைந்திருக்கும் தழும்பு அந்தத் தொடுகைக்கு முழுமையாகப் பிடிபடுவதில்லை. மேலும், சுழல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பாதையைத் தேடுவதுதான் துல்லியமானது என்றாலும், பலருக்கு அந்த வேகத்தில் இரத்த அழுத்தம் விழுந்துவிடுவதால் அவ்வளவு நேரம் சுழலை ஓடவிட முடியாது. முன்கூட்டியே எடுத்த எம்ஆர்ஐ படம் சுவரின் முழுத் தடிப்பையும் காட்டுகிறது. எங்கே தேட வேண்டும் என்ற குறிப்போடு உள்ளே போகலாம்.

சிடி படம் எடுத்து, சுவர் எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்த்தும் இதேபோல் திட்டமிடுகிறார்கள். பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் அந்த வழியை வெகுவாக வளர்த்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அது ஒத்துவரவில்லை, ஏனெனில் சிடிக்குச் செலுத்தும் மருந்திலும் அயோடின் இருக்கிறது. தைராய்டு அப்போதுதான் அடங்கிக்கொண்டிருந்தது. மருந்துப் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் இதைச் சுட்டிக்காட்டியவர் ஓர் இளம் மருத்துவர். இப்படி ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுப் பார்க்கும் கவனத்துக்காகவே இந்தப் பிரிவுக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருகிறேன்.

இங்கே முதல் மருத்துவமனையின் மீதான என் குறையைச் சொல்லியாக வேண்டும். 2022இல் ஐசிடி பொருத்துவதற்கு முன் அப்பா எட்டு நாள் படுக்கையில் இருந்தார். ஒரு முறைகூட எம்ஆர்ஐ எடுக்கவில்லை. கேட்டபோது, ‘படம் என்ன சொன்னாலும் கருவி தேவைதான்’ என்றார்கள். அது உண்மை, ஒருமுறை சாவின் வாசல்வரை போய் வந்தவருக்குக் கருவி வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கப் படம் அவசியமில்லை. ஆனால் கருவியை வைத்த பிறகு, அதன் உலோகமும் மின்கலமும் எம்ஆர்ஐயின் காந்தப் புலத்தைக் குலைத்து, இதயத்தின் முன்புறச் சுவரிலும் நுனியிலும் பளீரென்ற பொய் வெளிச்சத்தை உண்டாக்குகின்றன. தழும்பும் வெள்ளையாகத் தெரியும், பொய் வெளிச்சமும் வெள்ளையாகத் தெரியும் என்றால் எதை நம்பிச் சுடுவது? கருவி வைப்பதற்கு முன்னரே எடுத்து வைத்திருந்தால் தெளிவான படம் ஒன்று கையில் இருந்திருக்கும். அப்பாவின் தழும்பு அடிப்புறச் சுவரில், கருவியிலிருந்து தள்ளி இருந்ததால் பெரும்பாலும் தப்பித்தோம். முன்புறச் சுவரில் மாரடைப்பு வந்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது ஐசிடி வைக்கலாம் என்று பேச்சு வந்தால், உடல்நிலை இடம்கொடுக்குமானால் அதற்கு முன் தழும்புப் படம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். இந்த மதிப்பீட்டில் நான் சொல்ல வந்தவற்றில் முதன்மையானது இதுதான்.

கருவி உள்ளவர்களுக்கு எம்ஆர்ஐ எடுக்கவே முடியாது என்று நம்பிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. அப்பாவின் கருவி எம்ஆர்ஐக்கு ஏற்ற வகை என்பதை அதனுடன் தந்த அட்டையைப் பார்த்து உறுதி செய்தார்கள். அந்த அட்டையை அப்பா பணப்பையில் அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருந்தார். தொலைத்தவர்கள் பாடு கடினம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தப் பரிசோதனை செய்தார்கள்; படத்தில் தழும்பைக் காட்டுவதற்காகச் செலுத்தப்படும் காடோலினியம் மருந்து சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு அரிதாகத் தோலையும் உறுப்புகளையும் இறுகச் செய்யும் நோயைக் கொண்டுவரக்கூடும் என்பதற்காக. இப்போது பயன்படும் புதிய வகை மருந்துகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு என்றாலும், நீரிழிவுக்காரர்கள் நிறைந்த நம் குடும்பங்களில் இந்தப் பரிசோதனையை யாரும் தட்டிக்கழிக்க வேண்டாம். கருவி உள்ளோருக்கான படம், கருவியின் நிரலை மாற்றத் தெரிந்த தொழில்நுட்பர் உடன் இருக்கும் நாள்களில்தான் எடுக்கப்படுகிறது. அதனால் ஐந்து வாரம் காத்திருந்தோம். மின்புயல் வந்த ஒருவருக்கு ஐந்து வாரம் நீண்ட காலம். இடையில் நிலைமை மோசமானால் யாரை அழைப்பது என்று ஒரு நேரடித் தொலைபேசி எண் கொடுத்திருந்தார்கள், அது ஆறுதல்.

படமெடுக்கும் நாளன்று, முதலில் தொழில்நுட்பர் வந்து கருவியின் அதிர்ச்சி கொடுக்கும் வேலையை நிறுத்தி வைத்தார். அந்த ஒரு மணி நேரமும் வெளியே அதிர்ச்சிக் கருவியோடு ஒரு தாதி காவலிருந்தார். இந்தப் படத்தின் கடினம் மூச்சில் இருக்கிறது. இதயம் துடித்துக்கொண்டும் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டும் இருக்கையில் படம் கலங்கிவிடும் என்பதால், பத்து முதல் பதினைந்து விநாடி மூச்சை நிறுத்தும்படி திரும்பத்திரும்பச் சொல்வார்கள். அப்பா எண்ணியவரை நாற்பது முறைக்கும் மேல். செவிப்பேசியில் வந்த பதிவுசெய்த குரல் ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் மட்டுமே இருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் புரியும் என்றாலும், குகைபோன்ற குழாய்க்குள், சம்மட்டி அடிப்பதுபோன்ற சத்தத்துக்கு நடுவே, அந்தக் குரலின் வேகம் பிடிபடவில்லை. முதல் சில படங்கள் வீணாயின. கண்ணாடிக்கு அப்பால் இருந்த படப்பிடிப்பு அலுவலர், மலாய்க்காரப் பெண்மணி, பதிவை நிறுத்திவிட்டுத் தானே பேசினார்: ‘அங்கிள், தாரிக் நஃபாஸ்... ஹெம்புஸ்... தாஹான்.’ (மூச்சை இழு, விடு, அடக்கு.) முப்பது ஆண்டுக் கப்பல் பட்டறை மலாய் அப்பாவுக்குக் கைகொடுத்தது. அதற்குப் பிறகு ஒரு படமும் கெடவில்லை. அந்த அலுவலரின் சமயோசிதத்துக்கு ஐந்து நட்சத்திரம். நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்றாக இருக்கும் ஊரில், மூன்றே மூன்று சொற்களைத் தமிழில் பதிந்து வைக்காத நிர்வாகத்துக்கு ஒன்றுகூடக் கிடையாது.

மருந்தைச் செலுத்திய பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்துதான் தழும்புப் படத்தை எடுக்கிறார்கள். காடோலினியம் உயிருள்ள செல்லுக்குள் நுழையாது. செல்களுக்கு இடைப்பட்ட வெளியில்தான் தங்கும். நல்ல தசையில் அந்த வெளி குறைவு, மருந்து விரைவில் கழுவிப் போய்விடும். தழும்பில் செல்கள் குறைந்து இடைவெளி கூடியிருப்பதால் மருந்து தேங்கி நிற்கும். நல்ல தசை கறுப்பாகும்படி இயந்திரத்தின் நேரத்தைச் சரிசெய்துவிட்டால், தழும்பு மட்டும் வெள்ளையாக ஒளிரும். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழுவினர், இந்த வெள்ளை சுவரின் தடிப்பில் எவ்வளவு பங்கு பரவியிருக்கிறது என்பதைக் கொண்டு எந்தத் தசை சிகிச்சைக்குப் பின் மீளும், எது மீளாது என்று கணிக்கலாம் என்று காட்டிய பிறகு இம்முறை உலகெங்கும் பரவியது. அன்று அவர்கள் தேடியது மீளக்கூடிய தசையை. இன்று மின்னியல் மருத்துவர்கள் அதே படத்தில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறத்தைத் தேடுகிறார்கள், வாய்க்கால்கள் அங்கேதான் இருக்கின்றன என்பதால்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் படத்தை எங்களுக்குக் காட்டினார்கள். கேட்காமலே காட்டினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். மென்பொருள் சுவரை உள்ளிருந்து வெளியே ஒன்பது அடுக்குகளாகப் பிரித்து, ஒளியின் உச்ச அளவில் 60 விழுக்காட்டுக்கு மேல் உள்ளதைச் சிவப்பாகவும், 40க்குக் கீழ் உள்ளதை ஊதாவாகவும், இடைப்பட்டதை மஞ்சளும் பச்சையுமாகவும் தீட்டியிருந்தது. பார்சலோனாவில் உருவான ஆடாஸ் என்ற மென்பொருள் இவ்வகையில் பெயர்பெற்றது. திரையில் கீழறை ஒரு கவிழ்த்த கும்பாவைப்போல் சுழன்றது. அதன் அடிப்புறத்தில், இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வின் வளையத்தை ஒட்டி, சிவப்புத் திட்டுக்குள் இரண்டு மெல்லிய பச்சைக் கோடுகள். ஒன்று வால்வின் வளையத்துக்கும் தழும்புக்கும் இடையில் ஓடியது. அடிப்புற மாரடைப்பு வந்தவர்களுக்குச் சுழல் அடிக்கடி அந்த இடுக்கில்தான் பிறக்கும் என்றார் மருத்துவர்.

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அப்பா கையமர்த்தினார். ‘இது கேஜிங்’ என்றார். கப்பல் உலர்துறைக்கு வந்ததும், வெளித்தகட்டின் மேல் மீயொலிக் கருவியை வைத்து, எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது என்று கட்டம்கட்டமாக அளந்து, தகட்டின் மேலேயே சுண்ணக்கட்டியால் குறிப்பார்கள். அந்தக் குறி விழாமல் வெட்டுகிறவன் விளக்கைப் பற்றவைக்க மாட்டான். ‘இருபது வருசம் நான் அதைத்தானே செஞ்சேன். அளக்காம எவன் தகட்டை வெட்டுவான்?’ என்று அவர் என்னிடம் கேட்டதை ஆங்கிலத்தில் சொன்னபோது மருத்துவர் சிரித்துவிட்டார். அதுவரை இரண்டு மனமாக இருந்த அப்பா அங்கேயே சம்மதித்தார். படத்தின் மருத்துவப் பயன் ஒருபுறம் இருக்க, தனக்குள் இருக்கும் பழுதைக் கண்ணால் பார்த்த ஒருவருக்கு அச்சம் ஓர் அளவுக்குள் வந்துவிடுகிறது.

ஒப்புதல் படிவம் மட்டும் பதினொரு பக்க ஆங்கிலம். பக்கவாதம், இதயத்தைச் சுற்றி இரத்தம் கோத்துக்கொள்ளுதல், தொடையில் இரத்தக்கசிவு, அரிதாக மரணம் என்று அபாயங்கள் அனைத்தும் அதில் இருந்தன. அவற்றைத் தந்தைக்கு வாசித்துச் சொல்லும் பொறுப்பு மகனுக்கு விடப்பட்டது. ‘மரணம்’ என்ற இடத்தில் நான் குரலைத் தாழ்த்தி வேறொரு சொல்லைப் போட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அப்படிச் செய்திருக்க மாட்டார்.

சிகிச்சை ஜூன் மாதம் முழு மயக்கத்தில் நடந்தது. காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனவர் பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன் வெளியே வந்தார். எம்ஆர்ஐ வரைபடத்தைக் கதீட்டர் இருக்குமிடத்தைக் காட்டும் கணினியில் ஏற்றி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக்கொண்டு, குறித்த இடத்துக்கு நேராகப் போனதாக மருத்துவர் மாலையில் விளக்கினார். வளையத்தை ஒட்டிய பச்சைக் கோட்டில் எதிர்பார்த்தபடியே பிந்தி வரும் சிறு மின்குறிகள் கிடைத்தன. அந்த இடத்தை, நுனியில் உப்புநீர் கசியும் கதீட்டரால், ரேடியோ அலை வெப்பம் செலுத்திச் சுட்டார்கள். தசை ஏறத்தாழ 50 பாகை செல்சியசைத் தாண்டினால் அதன் மின்கடத்தும் திறன் நிரந்தரமாகப் போய்விடும். இரண்டாவது கோட்டில் எந்த மின்குறியும் இல்லை. படம் அங்கே வாய்க்கால் என்று சொன்னது, கதீட்டர் இல்லை என்றது. மூன்றாவதாக, படத்தில் தென்படாத ஓர் இடத்தில் கதீட்டர் சந்தேகத்துக்குரிய குறிகளைக் கண்டது; அதையும் சுட்டார்கள். கடைசியில் இதயத்தைச் செயற்கையாகத் தூண்டிப் பார்த்தபோது சுழல் வரவில்லை.

இந்த மூன்றில் ஒன்று சரி, ஒன்று பிழை, ஒன்று விடுபட்டது என்ற கணக்கை மருத்துவர் மறைக்காமல் சொன்னதால்தான் நான் இந்தச் சேவையை நம்புகிறேன். எம்ஆர்ஐ படத்தின் ஒரு புள்ளியைவிட மெல்லிய இழைகள் அதில் தெரியாமல் போகலாம். 40, 60 என்ற எல்லைகளும் மனிதர் வகுத்தவையே. பச்சைக் கோடுகள் எல்லாமே சுழலைத் தாங்கும் பாதைகள் அல்ல. படம் தேடும் இடத்தைச் சுருக்குகிறது. தொட்டுப் பார்க்கும் கையின் வேலை மிச்சம் இருக்கிறது.

ஆய்வுகள் எங்கே நிற்கின்றன என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. மாரடைப்புத் தழும்பால் வரும் விடிக்கு அப்லேஷன் பயன் தரும் என்பதற்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. கனடாவின் ஜான் சாப் தலைமையில் 2016இல் வெளியான வேனிஷ் ஆய்வு, மருந்து உட்கொண்டும் விடி வந்த 259 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தது. மரணம், மின்புயல், கருவியின் அதிர்ச்சி ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, மருந்தைக் கூட்டியவர்களைவிட அப்லேஷன் செய்தவர்களுக்கு இவை குறைவாக நேர்ந்தன. 2024 இறுதியில் வந்த அதன் தொடர்ச்சி ஆய்வில், மருந்துக்கு முன்பாகவே அப்லேஷன் செய்தவர்களில் இத்தகைய நிகழ்வுகள் 50.7 விழுக்காடு, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 60.6 விழுக்காடு. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அப்லேஷன் செய்தவர்களிலும் பாதிப் பேருக்கு ஏதோ ஒன்று நேர்ந்திருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தழும்புப் படத்தை வைத்து வழிகாட்டினால் இன்னும் மேம்படும் என்பதற்கான ஆதாரங்களில் பெரும்பகுதி, தேர்ந்த மையங்கள் தம் நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தவை.

மேலறைக்கு இதே தர்க்கம் அப்படியே செல்லுபடியாகவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். மேலறைக் குறுநடுக்கம் (ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன்) உள்ளவர்களுக்கு, எம்ஆர்ஐயில் தெரிந்த நார்த்திசுவையும் சேர்த்துச் சுட்டால் நல்லதா என்று டெகாஃப் இரண்டாம் ஆய்வு 843 பேரிடம் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான முறையைவிடத் தெளிவான நன்மை எதுவும் தென்படவில்லை. ‘உங்கள் அப்பாவுக்குச் செய்ததை என் அம்மாவின் மேலறைப் பிரச்சினைக்கும் செய்வார்களா?’ என்று தேக்கா சந்தையில் ஒரு நண்பர் கேட்டார். இரண்டும் வேறு அறைகள், வேறு கதைகள்.

இனி பணம். பி2 எனும் உதவித்தொகை வார்டு, அரசாங்க உதவித்தொகை, மெடிஷீல்டு லைஃப் என்ற மருத்துவக் காப்புறுதி, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு எல்லாம் சேர்ந்து சிகிச்சைச் செலவின் பெரும்பங்கை ஏற்றுக்கொண்டன. எங்கள் கையிலிருந்து போனது தாங்கக்கூடிய தொகையே. ஆனால் எம்ஆர்ஐ வெளிநோயாளிக் கணக்கில் வந்ததால் அதற்கு வேறு விதி. வெளிநோயாளி ஸ்கேனுக்கு மெடிசேவிலிருந்து எடுக்கும் தொகைக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. மீதியை ரொக்கமாகக் கட்டினோம். செலவு மதிப்பீடு கொடுத்தபோது இதை எவரும் சொல்லவில்லை. வரைபடத்தைத் தயாரித்த வேலை எந்த வரியில் அடங்கியிருக்கிறது என்று இரசீதில் தேடிக் களைத்து, இரண்டு முறை தொலைபேசியில் அழைத்து, இரண்டு வெவ்வேறு பதில்களைப் பெற்றேன். தொழில்முறையில் பிறர் கணக்கைக் குடைகிறவனுக்கே இந்த நிலை.

பலன்: தொடையில் முட்டை அளவு இரத்தக் கட்டு இரண்டு வாரம் இருந்தது, பிறகு கரைந்தது. இதுவரை ஒரு மின்னதிர்ச்சியும் இல்லை. கருவியின் பதிவை ஆராய்ந்தபோது ஜனவரியில் ஒருமுறை குறுகிய விடி வந்திருப்பதும், அதைக் கருவி அதிர்ச்சி கொடுக்காமல் வேகமான சிறு துடிப்புகளைச் செலுத்தியே அடக்கியிருப்பதும் தெரிந்தது. அப்பா அப்போது தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். தைராய்டு தேறிவிட்டது, அமியோடரோன் திரும்பத் தேவைப்படவில்லை, துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பிசோப்ரோலால் மட்டும் தொடர்கிறது. குளியலறைக்குத் தனியாகப் போகிறார், கதவையும் தாழிடுகிறார். அதில்தான் எனக்கும் அவருக்கும் இப்போது சண்டை.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், பழைய மாரடைப்புத் தழும்பு இருந்து, கருவியின் அதிர்ச்சி திரும்பத் திரும்ப வந்து, மருந்து ஒத்துக்கொள்ளாமலோ போதாமலோ இருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். குறுகிய இடத்தில் அடைபட அஞ்சுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். மூச்சை அடக்கும் பயிற்சியை வீட்டிலேயே ஒரு வாரம் செய்து பார்க்கலாம். படங்களின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தனிக் கட்டணம் உண்டு. சுட்டும் அடங்காதவர்களுக்கு, தழும்புப் படத்தையும் உடலின் மேற்பரப்பிலிருந்து எடுத்த மின்வரைபடத்தையும் கொண்டு வெளியிலிருந்து ஒரே ஒருமுறை 25 கிரே கதிர்வீச்சு செலுத்தும் முறையை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் ஐந்து நோயாளிகளிடம் செய்து 2017இல் வெளியிட்டார்கள். வேறு வழி இல்லாதவர்களுக்கான கடைசிப் படி அது.

சிகிச்சை முடிந்த மாதமே கருத்துப் படிவத்தில் இரண்டு கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தேன்: ஒப்புதல் படிவத்தைத் தமிழில் விளக்க ஆள் வேண்டும், மூச்சுக் கட்டளைகள் தமிழிலும் வேண்டும். முதலாவது பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. இரண்டாவதற்கு, சென்ற மாதம் மறுபரிசோதனைக்குப் போனபோது விடை கிடைத்தது. எம்ஆர்ஐ கூடத்தின் வாசலில் நான்கு மொழிகளில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். தமிழில் ‘மூச்சை இழு’ என்பது ‘மூச்சை இழ’ என்று அச்சாகியிருந்தது. அப்பா அதை உரக்கப் படித்துவிட்டு, அங்கிருந்த மலாய்ப் பெண்மணியைப் பார்த்து, ‘தாரிக் நஃபாஸே போதும்மா’ என்றார். திருத்தம் கோரி மீண்டும் எழுதியிருக்கிறேன்.